பெயரடை இல்லாத வளைகுடா

சிவஞானம் அண்ணை இறந்த செய்தி அவருடைய இயந்திரத்திலிருந்தே வந்தது. சவூதியின் ஜுபைலில், நான் இப்போது வேலை பார்க்கும் அலுவலகத்தில், டெலக்ஸ் கடகடத்தது; நான் முன்பு இருந்த துபாய் கப்பல் ஏஜென்சியின் எண். அவர்தான் அனுப்புகிறார் என்று நினைத்து, தேநீரை முடித்துவிட்டுத்தான் எழுந்து போனேன். மாரடைப்பாம், டியூட்டியில் இருக்கும்போதாம். அடியில் அனுப்புநர் முகவரி: துபாய், அரபு வளைகுடா. செய்தியை விட்டுவிட்டு அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துக்காரர். அந்த ஏஜென்சியின் டெலக்ஸ் ஆபரேட்டர். நான் அங்கே கிளார்க்காகச் சேர்ந்தபோது ஈரானும் ஈராக்கும் போரிட்டுக்கொண்டிருந்தன. நாங்கள் எல்லாக் கரைக்கும் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். நடுவிலிருந்த கடலுக்கு அக்கரையில், ஈரானில், பாரசீக வளைகுடா என்று பெயர்; இக்கரையில், அரபு நாடுகளில், அரபு வளைகுடா. மாற்றிச் சொன்னால் கடிதம் திரும்பி வரும். சில சமயம் படகும். பெரிய அண்டை வீட்டார் இருவருக்கு நடுவே ஒரு சிறிய நாடு எப்படி நடந்துகொள்வது என்று மற்ற இடங்களில் மாநாடு கூட்டிப் பேசினார்கள். எங்களிடம் ஒரு நாற்காலி இருந்தது. அதில் அண்ணை இருந்தார்.

முதல் நாளே என்னிடம் சொன்னார்: "தம்பி, இந்தக் கடலுக்கு ரெண்டு பேர். வாசிக்கிறவன் ஆர் எண்டு பாத்துப் போடும்."

"உண்மையான பேர் எதுண்ணே?"

"உப்புத் தண்ணி."

துபாயின் கராமா பகுதியில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். பிறகு அவருடைய ஊருக்கு எங்கள் இந்திய ராணுவம் போய் இறங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார்: "உங்கட ஆக்கள் எங்கட வீட்டிலை இருக்கினமாம்."

"என்ன பண்றாங்களாம்?"

"குளிக்கினம். நல்ல கிணறு."

மனைவியும் மகளும் கொழும்பில் வாடகை அறையொன்றில் இருந்தார்கள். திரும்பிப் போக வீடில்லை. அந்தக் குடும்பம் நின்றுகொண்டிருந்த ஒரே நிலம் அவருடைய விசா.

அதுவும் ஒரு காலையில் ஆட்டம் கண்டது. டெலக்ஸில் செய்தியை முதலில் காகித நாடாவில் துளையாக அடித்து, பிறகு நாடாவை இயந்திரத்தில் ஓடவிடுவார்கள். ஒரே செய்தி, இரண்டு நாடா, கடலின் பெயர் மட்டும் வேறு. அண்ணை நாடாக்களை மாற்றி ஓடவிட்டுவிட்டார். பாரசீக வளைகுடா குவைத்துக்குப் போயிற்று, அரபு வளைகுடா ஈரானுக்கு. எங்கள் படகை அக்கரையில் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் முதலாளிக்குத் தந்தைவழி இக்கரை, தாய்வழி அக்கரை. இரு வழி உறவினரும் தொழிலில் பங்காளிகள். சித்தப்பா மகன் ஒருபுறமும் மாமன் மகன் மறுபுறமும் உட்கார்ந்துகொண்டு, இவனை அனுப்பு என்றார்கள். போர் தொடங்கியதிலிருந்து இரு கரையும் உடன்பட்டு நான் பார்த்தது அந்த ஒன்றில்தான். விசாவுக்குப் பொறுப்பேற்ற கஃபீல் என்ற முறையில் அண்ணையின் விசா முதலாளி கையில். ரத்து செய்ய ஒரு கையெழுத்து போதும்.

"ஷிவா, யே க்யா?" இது என்ன என்றார் முதலாளி.

"கல்தி, அர்பாப்." தவறுதான், முதலாளி.

"கௌன்ஸா கலத்?" எது தவறு என்று கேட்டுவிட்டார். பாரசீகமா, அரபா?

இரண்டு உறவினரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எந்தப் பெயரைத் தவறென்றாலும் அன்று மாலை விமானம். அண்ணை தன் வலது ஆள்காட்டி விரலை உயர்த்திக் காட்டினார்.

"உங்லி, அர்பாப்." விரல்.

முதலாளி அந்த விரலை வெகுநேரம் ஆராய்ந்தார். அதன் பூர்வீகம் எந்தக் கரையும் அல்ல. "கலாஸ்," என்றார். முடிந்தது. "இனிமேல் வளைகுடா. வெறும் வளைகுடா. முன்னால் ஒன்றும் வேண்டாம்."

படகைப் பிறகு உள்ளே விட்டார்கள். வெளியே வந்ததும் அண்ணையின் சிகரெட்டை நான்தான் பற்றவைத்தேன். "பேரைச் சுருக்கினால் சீவிக்கலாம் போலை," என்றார். அதன் பிறகு அவர் இருந்த வரைக்கும் அந்த இயந்திரத்திலிருந்து வெறும் வளைகுடாதான் போயிற்று.

இப்போது அவருடைய நாற்காலியில் யாரோ புதியவர். அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உடல் கொழும்புக்குப் போகிறதாம். அதற்கு வடக்கே, யாழ்ப்பாணத்துக்கு, கொண்டுபோகப் போரில் வழியில்லை.

டெலக்ஸ் தாளைக் கிழித்தெடுத்து மேசையில் வைத்தேன். பேனாவால் கடைசி வரியில் ஒரு சொல்லை மட்டும் அடித்தேன். துபாய், வளைகுடா.

இப்போது பிழையில்லை அண்ணை. போய் வாருங்கள்.