அசையாத பை

எடைக்காரர் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிட்டார்கள். ஆள் என்னவோ குச்சி. பேருந்து நிலையம், திரையரங்கு, மருத்துவமனை என்று பதினோரு இடங்களில் அவருடைய எடை பார்க்கும் இயந்திரங்கள் நின்றன. காசு போட்டால் விளக்குகள் சுழலும், அட்டை விழும். முன்பக்கம் எடை, பின்பக்கம் ஒரு நல்வாக்கு. திங்கட்கிழமைதோறும் சாவிக்கொத்தோடு கிளம்பி, ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே சேர்ந்திருக்கும் நாணயங்களை அள்ளிக்கொண்டு வங்கிக்குப் போவார்.

பல வருடங்களாகப் பழைய மாவுச் சாக்குதான் அவருக்குப் பை. ஒருநாள் வங்கிப் படியில் அதன் அடி பிரிந்துவிட்டது. நாணயங்கள் படி இறங்கி, சாலையைக் கடந்து, சாக்கடை வரை உருண்டன. போகிறவர் வருகிறவர் எல்லாம் குனிந்தார்கள். பாதிப் பேர் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். மீதிப் பேர் குனிந்தபடியே போய்விட்டார்கள்.

வீட்டில் பள்ளிச் சீருடை தைக்கும் மனைவி, "கெட்டித் துணியில நானே தைச்சுத் தரேன்" என்றாள்.

அவருக்கு மனசு ஒப்பவில்லை. "முப்பது வருஷமாத் தொழில் பண்றேன். கடையில வாங்குன பை ஒண்ணாவது வேண்டாமா?"

பைக்கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே, "உள்ள என்ன போடப் போறீங்க?" என்று கேட்டார். சில்லறை என்று சொன்னால் திருடன் வீடு வரைக்கும் கூடவே வருவான் என்று எடைக்காரருக்குப் பயம்.

"ஆணி" என்றார்.

"எத்தனை அங்குலம்?"

"எல்லா அங்குலமும்."

கடைக்காரர் யோசித்து, உள்ளே போய், ஆளுயரத்துக்கு ஒரு கித்தான் பையைக் கொண்டுவந்தார். "அடியில தோலு, நாலு வரிசைத் தையல். நீங்களே ஏறி உள்ள உக்காந்தாலும் கிழியாது." எடைக்காரர் இழுத்துப் பார்த்தார், உதறிப் பார்த்தார், ஒரு காலை உள்ளே விட்டும் பார்த்தார். வாங்கிவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை, முதல் மூன்று இடங்களுக்குப் பை தோளில் ஜம்மென்று வந்தது. ஆறாவது இடத்தில் தரையில் தேய்ந்தது. அப்புறம் வாடகைக் கார் பிடித்தார். கடைசி இடமான மருத்துவமனையில் ஓட்டுநரும் அவருமாகப் பையைத் தாழ்வாரம் வரை இழுத்து வைத்தார்கள். ஓட்டுநர் இடுப்பைப் பிடித்தபடி கிளம்பிவிட்டார். எடைக்காரர் பதினோராவது இயந்திரத்தின் நாணயங்களையும் கொட்டி, வாயைக் கட்டித் தூக்கப் பார்த்தார். பையில் ஒரு நூல்கூட அறவில்லை. பையும் ஓர் அங்குலம்கூட அசையவில்லை. மூச்சு வாங்க அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

காவலாளி வந்தார். "அண்ணே, வழியில உக்காரக்கூடாது."

"நான் எந்திரிச்சுடுவேன் தம்பி. பைதான் எந்திரிக்க மாட்டேங்குது."

"உள்ள என்ன?"

"ஆணி."

காவலாளி போய் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இருவரும் தம் கட்டிப் பையை அதில் உட்கார வைத்தார்கள். சாய்ந்து விழாமல் இருக்க இடுப்புப் பட்டையும் மாட்டினார்கள். எதிரே வந்த நர்ஸ் நின்றார்.

"பேஷண்ட் எங்க?"

"பேஷண்ட் இல்லம்மா, ஆணி" என்றார் எடைக்காரர்.

"எலும்புக்கு வைக்கிற ஆணியா? எலும்பு வார்டு மாடியில" என்று சொல்லிவிட்டு நர்ஸ் தன் பாட்டுக்குப் போய்விட்டார். காவலாளி கடமையாக லிஃப்ட் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

எடைக்காரருக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, மேல வேண்டாம்! அது ஆணி இல்ல, அத்தனையும் சில்லறை!"

தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. காவலாளி சிரித்தார். "தெரியும்ணே. வாராவாரம் அந்த மெஷினைத் திறந்து எங்க கண்ணு முன்னாலதான அள்ளுறீங்க. நீங்க எப்ப வாயைத் திறக்குறீங்கன்னு பாத்தேன்." நாற்காலியை வாசலுக்குத் திருப்பி, வேறொரு வாடகைக் காரில் பையை ஏற்றிவிட்டார்.

கதையைக் கேட்ட மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். பிறகு ஒரு நீளமான கெட்டித் துணிப் பையை அவர் கையில் கொடுத்து, பிடி பிடியாக நாணயம் போட்டாள். அவர் "இன்னும் போடு, இன்னும் போடு" என்று வீரம் பேசினார். அவள் பையைப் பார்க்கவேயில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள்.

"உங்க மூஞ்சி கோணுன இடம் இதுதான். இதுக்கு மேல துணியே கிடையாது."

அந்த அளவில் வெட்டி, அதே மாதிரி இன்னொன்றும் தைத்தாள். ஒரு கைக்கு ஒன்று, ஒரு நாளைக்கு இரண்டு இயந்திரம் என்று முடிவானது.

மறுவாரம் இரண்டு பைகளோடு பேருந்தில் ஏறினார்.

"பையில என்ன சார், கலகலங்குது?" என்றார் நடத்துநர்.

எடைக்காரர் பைகளை மடிக்கு இழுத்துக்கொண்டு, "சில்லறை" என்றார்.

"சில்லறையா!" நடத்துநர் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "காலையில இருந்து மீதி குடுக்க முடியாம ஊரு வாயில விழுந்துட்டிருக்கேன் சார். கொஞ்சம் மாத்திக் குடுங்க."

கடைசி நிறுத்தம் வருவதற்குள் இரண்டு பையும் காலி. சட்டைப்பை முழுக்க நோட்டு. வங்கிக்குப் போகிற வேலையே இல்லாமல் வீட்டுக்குத் திரும்பினார்.

"பை எப்படி? தூக்க முடிஞ்சுதா?" என்று மனைவி கேட்டாள்.

"அதெல்லாம் பஞ்சு மாதிரி. அடுத்தது தைக்கும்போது வாயை மட்டும் கொஞ்சம் அகலமா வை. பாவம், அந்தக் கண்டக்டர் கை பெருசு."