வெந்த வாயும் ஆறிய கஞ்சியும்

மண்டைக்காட்டை அடுத்த கடற்கரைப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு நான் ஆசிரியை. நாள் முழுக்க ஓயாமல் பேசும் வாய். மார்பில் இருந்த கட்டியை எடுத்தபின் கீமோ தொடங்கியபோது, முடி கொட்டும் என்று எல்லோரும் எச்சரித்தார்கள். வாயைப் பற்றி நான் நினைத்தே பார்க்கவில்லை.

முதல் மருந்து ஏறிய ஏழாம் நாள் நாக்கின் ஓரம் எரிந்தது. ஒன்பதாம் நாள் உதடு, உள்கன்னம், தொண்டை எங்கும் வெள்ளை வெள்ளையாகப் புண். எச்சில் விழுங்கவே பயம். மீன் குழம்புச் சோற்றை ஒரு வாய் வைத்துவிட்டு அழுதேன். பிறகு தண்ணீரையும் தள்ளினேன். எடை இறங்கியது. அடுத்த மருந்தை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள்.

என் கணவர் பதினாறு வயதிலிருந்து கடலுக்குப் போகிறவர். அடுப்புப் பக்கம் வந்ததே இல்லை. நாகர்கோவில் மருத்துவமனையில், உணவு பற்றிச் சொல்லித்தரும் இளம்பெண்ணின் முன்னால் அன்று கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"புளி, மிளகாய், எலுமிச்சை, மொறுமொறுப்பு, சூடு எதுவும் வேண்டாம். ஆனா பட்டினி கிடக்கக் கூடாது. புண் ஆறணும்னா புரதம் வேணும். முட்டை, பருப்பு எல்லாம் குழைய வேகவச்சு, ஆறவச்சு, கொஞ்சம் கொஞ்சமா குடுங்க."

"மீன் குடுக்கலாமா?"

"முள்ளும் காரமும் இல்லாம, தாராளமா."

உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரில் அடிக்கடி வாய் கொப்பளிக்கச் சொன்னாள். எனக்கு ஏறும் மருந்துக்கு ஐஸ் பொருந்தும் என்றும், அது ஏறும்போது வாயில் ஐஸ் துண்டுகளை வைத்திருக்கும்படியும் டாக்டர் சொன்னார். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கினால் மருந்து வாய்க்குக் குறைவாகவே வந்து சேருமாம்.

மறுநாள் கணவர் ஒரு துண்டு நெய்மீனை ஆவியில் வேகவைத்தார். தட்டில் உதிர்த்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவித் தடவி முள் தேடினார். கயிறு இழுத்துக் காய்த்துப்போன விரல்கள். ஒருமுறை அல்ல, மூன்று முறை. பிறகு கஞ்சியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து மிக்ஸியில் அடித்து, ஆறவைத்துக் கொண்டுவந்தார்.

"ஏட்டி, ஒரு முள்ளும் இல்ல கேட்டியா. பைய குடி."

"நொம்பலமா இருக்கு, எரியுது. வேண்டாம்."

"ஒரே ஒரு கரண்டி. பொறவு நான் கேக்கமாட்டேன்."

அது எரிந்தது. ஆனாலும் இறங்கியது. அவர் மறுபடியும் கேட்கத்தான் செய்தார். பத்துக் கரண்டி குடித்தபின்தான் அவர் தட்டைப் பார்த்தேன். அதிலும் அதே வெளுத்த கஞ்சி. குழம்பில் உறைப்புக் குறைந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர்.

"உங்களுக்குக் குழம்பு வைக்கலியா?"

"அந்த மணம் வந்தா உனக்கு நாக்குல வெள்ளம் ஊறும்லா. ஊறினா எரியுமே."

இந்த மனிதரோடு இருபது வருடம் வாழ்ந்திருக்கிறேன், யாரென்றே தெரியாமல்.

இரண்டாம் மருந்து ஏறியபோது பல் மரத்துப்போகும்வரை ஐஸ் வைத்திருந்தேன். இந்த முறை இரண்டே புண்கள். கஞ்சி குடிப்பது ஒருநாளும் நிற்கவில்லை.

அடுத்துப் போனபோது டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "நல்லா ஆறியிருக்கு. வேகமா வளர்ற செல்லைத்தான் இந்த மருந்து அடிக்கும். வாய்க்குள்ள தோல் வேகமா வளரும், அதனாலதான் புண் வந்துச்சு. அந்த வேகத்துலதான் ஆறவும் செய்யுது."

"நானும் பாக்கட்டா?" என்றார் கணவர். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"வெந்து கெடந்த எடமா இது? பிள்ளைக்க வாய் மாதிரி இருக்கே!"

படகில் ஏறும்போது மட்டும் நெஞ்சில் போடும் சிலுவை அடையாளத்தை அந்த அறையில் போட்டுக்கொண்டார்.

அதன்பின் நான்கு முறை மருந்து ஏறியது. இருமுறை புண் வந்து ஆறியது. ஒரு மருந்தும் தள்ளிப்போகவில்லை. ஒவ்வொரு முறையும் வீட்டுக் கண்ணாடி முன் வாயைத் திறந்து நிற்பேன். நாற்பத்து நான்கு வருடம் தின்றும் பேசியும் நான் ஒருநாளும் பாராத இடம். நான் அழுதபோதும் தூங்கியபோதும் அது தன்பாட்டுக்குத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்திருக்கிறது.