காலில்லாத அக்கா

என்னைவிடப் பெரிய மடையனைத் தேடுவதென்றால் எங்கள் ஏரியில் நண்டுகளிடம்தான் விசாரிக்க வேண்டும். கரித்துண்டால் ஒரு ஆளைச் சுவரில் வரைந்துவிட்டால், அந்த ஆள் எங்கேயும் போகாமல் நின்றுவிடுவார் என்று நம்பியவன் நான். இப்போது மனித உருவங்களை வரைந்துதான் பிழைக்கிறேன்; ஒருவரும் நின்றபாடில்லை.

எழுபதுகளின் கடைசி. பழவேற்காடு ஏரியில் எங்கள் வீட்டார் வரிசையாக, இடுப்பளவுத் தண்ணீரில் கழுத்துவரை முங்கிக் குந்தி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கைக்கும் வேலை என்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைக் கயிற்றோடு பல்லில் கவ்விக்கொள்வார்கள். பெரியவனானதும் அந்த வரிசையில் அக்காவுக்குப் பக்கத்து இடம் எனக்குத்தான் என்று நானே முடிவுசெய்து வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து எளாவூரில் அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்தார்கள். அரிசி மில்லில் வேலை.

பெண் பார்க்க வருகிறார்கள் என்று நைனா சுவருக்கு வெள்ளையடித்தார். காய்ந்ததோ இல்லையோ, குடும்பத்தையே அதில் இறக்கிவிட்டேன். தோளோடு தோள் உரச, வாயில் பறியோடு எல்லோரும். தண்ணீருக்கு அடியில் எல்லோருக்கும் கால் போட்டேன், அக்காவுக்கு மட்டும் போடவில்லை. காலில்லாதவள் எப்படி எளாவூர் பஸ் ஏறுவாள்?

வந்தவர்களுக்கு ஏரி வேலை தெரியாது. மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரோடு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாது, உங்க ஊட்டுப் பொம்பளைங்களுக்கும் தாடியா?"

அது தாடியில்லை, பறி என்று நைனா ஒரு பறியைப் பல்லில் கவ்வி நடித்தே காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். இதில் பெண் எது என்று அந்த அம்மா கேட்டார். அறிவாளி நானே முந்திப்போய்த் தொட்டுக் காட்டினேன். அவர் சிரிப்பு நின்றது. பெண்ணுக்குக் காலில் ஏதாவது குறையா என்று குரலைத் தாழ்த்தி விசாரித்தார். என் அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ உள்ளுக்குள் திருவிழா.

கூப்பிடாமல் பெண் வெளியே வரக்கூடாது. அக்கா வந்தாள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, வாசலிலிருந்து சுவர்வரை டக்டக்கென்று நடந்து காட்டினாள். பிறகு கரித்துண்டை எடுத்து என் கையில் திணித்து, காலைப் போடச் சொன்னாள். முகம் சிவந்திருந்தது. கோபம் என்றுதான் நினைத்தேன்.

"கால் வெச்சா நீ பூடுவியே" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"போறதுக்குத்தான்டா கேக்கறேன்."