பாலில் போட்ட பவளம்

சாயம் ஏற்றிய பவளம் அசலா, போலியா? விலங்கியல் படித்த எனக்கே பதில் தெரியவில்லை.

நேற்று நகரியில் நாத்தனார் மல்லிகா இரண்டு சிவப்பு மணிகளை என் கையில் வைத்தாள். அவள் மகளின் தாலிக்காம். மாப்பிள்ளை வீட்டார் தெலுங்குக்காரர்கள். தாலிக்கு இருபுறமும் பவளம் கோர்ப்பது அவர்கள் வழக்கம்.

"கடற்கரையில நானே பொறுக்கினது அண்ணி. வெள்ளையா இருந்துச்சி. ஒடச்சி, தேச்சி, டிரில்லுல ஓட்டை போட்டு, நூலுக்குப் போடற சாயத்துல ஊற வெச்சேன்."

"கடையில வாங்கக் கூடாதா?"

"கடையில விக்கிறதெல்லாம் கண்ணாடி. இது பவளமா இல்லியா, அதச் சொல்லுங்க."

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சாயத்துக்கு அடியில் நட்சத்திரம் போன்ற குழிகள் தெரிந்தன. பவளப்பாறைத் துண்டுதான். ஆனால் நகைப் பவளம் வேறு இனம், அது பிறவியிலேயே சிவப்பு என்றேன்.

"பவளந்தானே? போதும். நாளைக்கி சம்பந்தியம்மா வந்து பாக்கறப்போ பாடம் நடத்தாதீங்க."

திருப்பதிக்குத் திரும்பும் பஸ்ஸில் அவளுக்குச் செய்தி தட்டுவதும் அழிப்பதுமாகவே வந்தேன். குட்டு வெளிப்பட்டால் கல்யாணமே நிற்கலாம். இருப்புக்கொள்ளாமல் இன்று காலை மறுபடியும் நகரிக்குப் போனேன்.

சம்பந்தியம்மா ஒரு டம்ளர் பால் கேட்டார். அசல் பவளமென்றால் பால் சிவக்குமாம். மணிகளைப் போட்டார். சாயம் இறங்கிப் பால் ரோஜா நிறமானது.

"அசல் பவளம், வதினா!" என்று தெலுங்கில் அண்ணி முறை சொல்லி மல்லிகாவைக் கட்டிக்கொண்டார். மல்லிகா என் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாங்கித் தந்த என் பவள மோதிரத்தைப் பாலில் போட்டேன். பால் வெள்ளையாகவே இருந்தது. அந்தப் பாலிலேயே காபி போட்டுக் குடித்துவிட்டேன்.

உங்கள் வீட்டுப் பவளம் எப்படி?