கடலில் விட்ட ஆமை

நாற்பது வருடம் கடலுக்குப் போனவன் நான். முழங்கால் தேய்ந்து படகில் ஏற முடியாமல் போன பிறகு, பாலமுனையில் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டின் பின்வளவில் தோட்டம் போட்டேன். கத்தரி, பயற்றை, வெண்டி, ஒரு பாத்தி வெள்ளரி. மண்ணைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதென்று யாரிடமும் சொல்லவும் மாட்டேன். பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் புத்தி சொல்ல வந்தால், காது கேட்காதவன் மாதிரித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பேன்.

வெள்ளரி பிஞ்சு விட்ட நாட்களில் ஆமை வந்தது. கவிழ்த்து வைத்த சோற்றுச் சட்டி அளவு இருக்கும். ஓடு முழுக்க மஞ்சள் கோடுகள், பின் ஓரத்தில் ஒரு துண்டு உடைந்திருந்தது. தரையோடு கிடந்த பிஞ்சொன்றை அவசரமில்லாமல் கடித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. வழி தவறி இவ்வளவு தூரம் வந்துவிட்டதே என்று பாவமாகத்தான் இருந்தது.

ஆமை என்றால் எனக்குக் கடல்தான். எங்கள் வலையில் ஆமை பட்டால், வலை போனாலும் போகட்டும் என்று அறுத்து விட்டுவிடுவோம். அதை நாங்கள் சாப்பிடுவதில்லை. உயிரோடு கடலில் விட்டால் நன்மை. தொழிலில் என்னைப் பற்றி எத்தனையோ குறை சொல்வார்கள், ஆனால் ஆமை விஷயத்தில் ஒரு வாய் திறக்க முடியாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மூன்று நாள் காலையில் தொடர்ந்து வந்தது. மூன்றாம் நாள் உரப்பைக்குள் வைத்து, சைக்கிள் கைப்பிடியில் தொங்கவிட்டுக் கடற்கரைக்குக் கொண்டுபோனேன். முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, பிஸ்மி சொல்லி விட்டேன். அலை அதைப் புரட்டிக் கரையில் போட்டது. வெகுநாள் தரையில் கிடந்ததால் பழக்கம் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி தூக்கி, அலை உடையும் இடத்துக்கு அப்பால், இடுப்பளவு தண்ணீரில் விட்டேன். இந்த முறை அது திரும்பி வரவில்லை. நனைந்த சாரனோடு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. செய்த நன்மையைச் சொல்லிக் காட்டக் கூடாதல்லவா.

நாலு நாள் கழித்து இன்னொன்று வந்தது. முதலாவதை விடச் சிறியது. அன்று சனிக்கிழமை, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் என் மகள் வீட்டில் இருந்தாள்.

“வாப்பா, இஞ்ச வாங்க. வெள்ளரிக்குள்ள ஆமை ஒண்டு வந்திரிக்கி.”

“மறுகாவும் வந்திட்டா? அந்த உரப்பைய எடு மகள், கடல்ல விட்டுட்டு வாறன்.”

“கடல்லயா? என்னத்துக்கு?”

“முந்தி வந்த பெரியதையும் நான்தானே கொண்டுபோய் விட்டன்.”

 அவள் குனிந்து ஆமையைத் தூக்கி, என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“காலப் பாருங்க வாப்பா.”

பார்த்தேன். கட்டையான நாலு கால், மண் ஒட்டிய நகங்கள். கடலாமைக்கு இருப்பது துடுப்பு. எத்தனையோ தரம் அந்தத் துடுப்பால் கையில் அடி வாங்கியவன் நான். என் பாத்தியில் மூன்று நாள் நடந்து திரிந்ததன் காலை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

“இது தரையில சீவிக்கிற ஆமை. கடல்ல விட்டா மூச்சு முட்டிச் செத்துப் போயிரும் வாப்பா.”

வெட்கத்தில் மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே கடற்கரைக்குப் போனேன். அலை அதை மறுபடி ஒதுக்கியிருக்கும், எங்கேயாவது அடம்பன் கொடிக்குள் கிடக்கும் என்றொரு நம்பிக்கை. குனிந்து குனிந்து கொடியை விலக்கிப் பார்த்தேன். முழங்கால் வலியில் உயிர் போனது. ஒன்றும் இல்லை.

கொஞ்சம் தள்ளி ஒருவன் கரைவலைக்குப் பொத்தல் கட்டிக்கொண்டிருந்தான். முன்பு என் படகில் வேலை செய்தவன், அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்று கூப்பிடுவான். அவனிடம் கேட்டேன்.

“தம்பி, மஞ்சக் கோடு போட்ட ஆமை ஒண்டு இந்தப் பக்கம் கரையேறினதக் கண்டியா?”

அவன் முகம் மலர்ந்தது.

“ஓம் காக்கா, கண்டன். பின்னுக்கு ஓடு உடைஞ்சதுதானே? பாவம், ரெண்டு தரம் கரைக்கு ஏறி வந்திச்சி. ரெண்டு தரமும் தூக்கிக்கொண்டு போய் விட்டன். மறுகாவும் வந்திச்சி. அப்பதான் தோணியில ஏத்திக்கொண்டு போய், நல்ல ஆழத்துல விட்டுட்டு வந்தன்.”

நான் கடலைத் திரும்பிப் பார்த்தேன்.

“நீங்க எங்களுக்குப் பழக்கின பழக்கம்தானே காக்கா,” என்றான்.

“ஓம் தம்பி,” என்றேன். 

சின்ன ஆமை இப்போதும் வருகிறது. வேலியின் கீழ்க் கம்பியைக் கொஞ்சம் தூக்கிக் கட்டியிருக்கிறேன். தரையோடு கிடக்கும் பிஞ்சுகளை நான் பறிப்பதில்லை. கரையில் கண்ட தம்பியிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. இரண்டு தரம் போய், மீன் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அவன் நல்லவன், இன்னொன்றைக் கரையில் கண்டால் சும்மா விட்டுவிட்டுப் போக மாட்டான்.