கடையில் வந்த தூக்கம்

என் வீட்டுக்காரர் அப்போது சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ராத்திரி வேலை பார்த்தார். ஊர் எழுந்து வாசல் தெளிக்கும் நேரத்துக்கு வந்து, சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். மற்ற மாதங்களில் அது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. கத்திரி வெயிலில்தான் பாடு. நாங்கள் குடியிருந்தது மாடி வீடு. தலைக்கு நேர்மேலே மொட்டைமாடி. பத்து மணிக்கெல்லாம் தளம் காய்ந்துவிடும். மின்விசிறி அந்தச் சூட்டை இழுத்து உடம்பின் மேலே கொட்டும். என் அண்ணன் வீட்டு ஏர்கூலரை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தோம். கடலோர ஊரில் அது புழுக்கத்தைத்தான் கூட்டியது. தலையணை நனைந்து எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் காலை வெகுநேரம் ஆளைக் காணவில்லை. கம்பெனி பஸ்ஸிலேயே தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தை விட்டு, ஆற்றைத் தாண்டி அரியாங்குப்பத்தில் கண்விழித்திருக்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சூடான அச்சுக்குள் கைவிட்டுப் பொருளை எடுக்கிற வேலை அவருடையது. தைத்த கூலியில் நான் கட்டிவந்த சீட்டு எடுத்த பணம் பீரோவில் இருந்தது. ஏ.சி. வாங்கிவிடலாம் என்றேன். அதெல்லாம் பெரிய வீட்டுச் சமாசாரம் என்று தட்டிக்கழித்தார். நான் விடவில்லை.

முதலில் வீட்டுச் சொந்தக்கார அம்மாவிடம் கேட்க வேண்டியிருந்தது. கீழ்வீட்டில் தனியாக இருந்தார். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவர் காலமான பிறகும் அங்கிருந்து பென்ஷன் வந்துகொண்டிருந்தது. தெருவே அவரை மதாம் என்றுதான் கூப்பிடும். ஜன்னலில் பொருத்துகிற ஏ.சி. விலை குறைவு, ஆனால் ஜன்னல் சட்டத்தை அறுக்க வேண்டும் என்று விளக்கினேன்.

"ஜன்னல்ல கை வைக்காதம்மா. அவரு பாத்துப் பாத்துப் போட்ட மரம். செவுத்துல சின்னதா ஒரு ஓட்டை போட்டுக்க, அது பரவால்ல" என்றார்.

ஆக, சுவரில் மாட்டுகிற ஸ்ப்ளிட் ஏ.சி. என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் மகளை மதாமிடம் விட்டுவிட்டு இருவரும் கடைத்தெருவுக்குப் போனோம். நாங்கள் நுழைந்த கடையில் மாடியில் ஏ.சி. பிரிவு. விற்பனைக்கு நின்றவர் கல்யாணமாகாத இளைஞர் போலிருந்தார். சத்தம் எப்படி இருக்கும் என்று என் வீட்டுக்காரர் கேட்டதும், சுவரில் மாட்டியிருந்த ஒன்றை ஓடவிட்டு, எதிரே நாற்காலி போட்டு அவரை உட்காரச் சொன்னார். நான் விலை அட்டைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், இவர் தலை சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அத்தனை வாரமாக அப்படி ஒரு தூக்கத்தை அந்த முகத்தில் நான் பார்க்கவில்லை.

எழுப்ப மனம் வரவில்லை. அதனால் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். ஒரு டன்னுக்கும் ஒன்றரை டன்னுக்கும் என்ன வித்தியாசம், செம்புக் குழாய் எவ்வளவு நீளம் சேர்த்துத் தருவீர்கள், வெளியே வைக்கிற பெட்டிக்கு ஸ்டாண்டு தனி விலையா, ஸ்டெபிலைசர் கட்டாயமா, மாட்டுகிற கூலி யாருடையது. ஒவ்வொரு கம்பெனியாக விலை கேட்டேன். கேட்டதையே சுற்றிவந்து கேட்டேன். அந்த இளைஞர் ஒருமுறை நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"நைட் டூட்டிங்களா?"

ஆமாம் என்றேன்.

"பகல்ல தூங்கறவருக்கு, மேல் மாடின்னா ஒன்றரை டன்னே எடுங்கக்கா. ஒரு டன் வெயில் நேரத்துல திணறும்."

பிறகு எனக்கும் ஒரு நாற்காலி போட்டார். அந்தப் பக்கம் வேறு ஆள் வந்தபோது பேச்சை அடுத்த மூலைக்கு நகர்த்திக்கொண்டு போனார்.

விழித்தபோது என் வீட்டுக்காரர் வெட்கப்பட்டுப் போனார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி, "எவ்ளோ சொல்றாங்க?" என்றார்.

இருபத்தாறாயிரம் என்றேன். ஸ்டாண்டும் மாட்டுகிற கூலியும் அதிலேயே அடக்கம் என்று பேசி முடித்திருந்தேன். ஸ்டெபிலைசர் மட்டும் தனி. அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"சரி, எடுத்துடு."

இரண்டு நாளில் வந்து மாட்டினார்கள். மதாம் படியேறி வந்து, சுவர் ஓட்டையைச் சுற்றி சிமெண்டு பூசும்வரை நின்றுவிட்டுப் போனார்.

முதல் நாள் ஒரு வேடிக்கை. குளிர் அதிகமாகி என் வீட்டுக்காரர் நடுங்கிக்கொண்டு வெளியே வந்தார். எங்களிடம் இருந்தவை மெல்லிய போர்வைகள். ரிமோட்டில் குளிரைக் குறைப்பது எப்படி என்று இருவருக்கும் பிடிபடவில்லை. கீழே போய்க் கேட்டேன். மதாமுக்கும் தெரியவில்லை. ஆனால் பெட்டியைத் திறந்து, ரசகற்பூர வாசனையோடு ஒரு கனத்த கம்பளியை எடுத்துக் கொடுத்தார். பிரான்சிலிருந்து வரும்போது கொண்டுவந்தாராம். இந்த ஊரில் ஒருநாளும் பிரிக்கவில்லையாம்.

அதைப் போர்த்திக்கொண்டு என் வீட்டுக்காரர் மறுபடி படுத்தார். கதவைச் சாத்தினேன். அவர் தூக்கம் கெடுமே என்று பகலில் தொடாமலிருந்த தையல் மெஷினை வெளி அறையில் போட்டு உட்கார்ந்தேன். மிதித்துப் பார்த்தேன். உள்ளே அசைவில்லை. பள்ளிக்கூட யூனிபார்ம் துணி ஒரு கட்டு தேங்கிக் கிடந்தது. கதவிடுக்கு வழியாக என் பாதத்தில் மட்டும் கொஞ்சம் குளிர் பட்டுக்கொண்டிருக்க, சாயங்காலத்துக்குள் மூன்று பாவாடை தைத்து முடித்தேன்.