உட்கார வைத்துச் சோறு போடும் மகன்

என் கால் முடங்கியதற்குக் காரணம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி என்று சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கென்ன, எழுந்து நின்று சிரிக்கிறார்கள். எனக்கு எழுந்திருக்கவே இன்னொருத்தர் கை வேண்டியிருக்கிறது. பழையபடி ஆடுகளுக்குப் பின்னால் முந்திரித் தோப்பு வரை நடக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. காசிக்குக் கூட்டிப் போ என்று யாரையாவது கேட்டேனா?

எங்கள் ஊர் கந்தர்வக்கோட்டைப் பக்கம். புருஷன் போன பிறகு முந்திரிக்கொட்டை பொறுக்கியும் ஆடு மேய்த்தும்தான் மகனைப் படிக்க வைத்தேன். கொட்டைப் பால் பட்டு விரலெல்லாம் தோலுரிந்து கிடக்கும். அதற்காக நான் அழுததில்லை. குட்டி ஒன்று வேலி தாண்டினால் போதும், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவேன். என் வயதில் வேறு எவளும் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

மகன் சிங்கப்பூர் போனான், மாடி வீடு கட்டினான். வினை அந்த வீட்டுக்குக் குடிபுகுந்த அன்றைக்கே வந்தது. மருமகளின் அப்பா, பந்தியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நீங்க சிங்கப்பூர்ல சம்பாரிக்கிறீங்க, இங்க சம்மந்தியம்மா கொட்டை பொறுக்குறாங்க. ஊருல ஒரு மாதிரியா பேசுறாங்க மாப்ள" என்றார். அந்த வாயில் கொள்ளியை வைக்க. என் மகன் முகம் செத்துப் போயிற்று. அன்று சாயங்காலமே, "இனிமே நீ தோப்புப் பக்கம் போகக் கூடாது ஆத்தா. ஒன்னய உக்கார வச்சு சோறு போடுறேன்" என்றான். மகராசி, கொடுத்து வைத்தவள் என்று ஊரே மெச்சியது.

ஆடுகளைச் சந்தையில் விற்றான். கூடத்தில் கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டான். அதற்கு எதிரே சுவரில் ஒரு கேமரா. சிங்கப்பூரில் இருந்தபடியே போனில் என்னைப் பார்ப்பானாம், பேசுவானாம். மருமகளோ பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகப் புதுக்கோட்டையில் வாடகைக்கு இருக்கிறாள். ஆக, அத்தனை பெரிய வீட்டில் நான், நாற்காலி, அந்தச் சனியன் பிடித்த கேமரா.

விளக்குமாற்றைத் தொட்டால் சுவர் பேசும். "ஆத்தா, கூட்ட ஆளு வரும். நீ உக்காரு." வாசல் பக்கம் நகர்ந்தால், "எங்கிட்டு போற? வெயிலு. உக்காரு." குடத்தை எடுத்தால் உக்காரு. இருமினால்கூட உக்காரு. பெற்ற மகன் குரலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "போடா அங்கிட்டு" என்று கத்துவேன். சிரிப்பான். ஆத்தா கோபமாய்ப் பேசினால் நன்றாக இருக்கிறாள் என்று அவனுக்கு எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை மருமகள் பிள்ளைகளோடு பஸ்ஸில் வருவாள். கறி எடுத்துச் சமைப்பாள். எனக்கு மட்டும் ரசம் சாதம். "இந்த வயசுல ஒங்களுக்குக் கறி செரிக்காது அத்தை" என்பாள். என் வயிற்றைப் பற்றி இவளுக்கு எந்த ஜோசியக்காரன் சொன்னான்? மற்ற நாட்களில் ஒற்றை ஆளுக்கு என்ன சமையல் என்று கஞ்சியோடு முடித்துக்கொள்வேன். பேச ஆளில்லாமல் உட்கார்ந்து தின்றால் சோறு தொண்டையில் இறங்குவதே இல்லை.

தோப்பில் என்னோடு கொட்டை பொறுக்கிய கூட்டாளி ஒருத்தி உண்டு. ஒருநாள் என்னைப் பார்க்க உள்ளே வந்தாள். உடனே சுவர் கத்தியது. "யாரு ஆத்தா அது? கண்டவங்களையும் வீட்டுக்குள்ள விடாத." அவள் முகம் சுண்டிப் போயிற்று. அதற்குப் பிறகு கேட்டுக்கு வெளியே நின்றுதான் பேசுவாள். அவளுக்கும் ஒரு மகன், திருப்பூரில். திரும்பிப் பார்ப்பதில்லை. ரேஷன் அரிசியில் ஒரு வேளைச் சோறு, மத்தியானம் டீயும் பன்னும். இடுப்பு ஒடிந்தாலும் அவள் தோப்புக்குப் போயாக வேண்டும். உட்காரு என்று சொல்ல அவளுக்கு ஒரு நாதி இல்லை.

"ஒனக்கென்னடி, உக்காந்து திங்கிற" என்பாள்.

"வாடி, நீ வந்து இதுல உக்காரு. நான் ஓடிப் போயிருறேன்" என்று எரிந்து விழுவேன்.

கேட்டுக் கம்பியைப் பிடித்திருக்கும் எங்கள் கைகளைப் பார்த்தால், இதில் உழைத்துத் தேய்கிறவள் யார், உட்கார்ந்து தேய்கிறவள் யார் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. இரண்டும் எலும்பும் தோலும்தான்.

பிறகு ஒருநாள் குளியலறையில் குந்தியவள் எழுந்திருக்க முடியாமல் அங்கேயே கிடந்தேன். அங்கே கேமரா இல்லையே. வீடு கூட்ட வந்தவள்தான் பார்த்துத் தூக்கினாள். மருமகள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். "நோயி ஒண்ணுமில்லம்மா. சதை கரைஞ்சு போயிருக்கு. நல்லா நடக்க விடுங்க. முட்டை, பருப்பு, கறி குடுங்க. பேச்சுத் தொணைக்கு ஆள் இருக்கட்டும்" என்றார் டாக்டர். இவள் போனில் அவனிடம் சொன்னது, "ஒடம்பு ரொம்ப வீக்காம்." அவன் சொன்னது, "அப்பிடின்னா எந்திரிக்கவே விடாத."

லீவில் வந்தபோது சக்கர நாற்காலி வாங்கி வந்தான். பளபளவென்று, மணமேடைக்கு வைக்கிற மாதிரி. சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் கறி விருந்து. மருமகளின் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து, "பெத்தவளத் தாங்குனா இப்பிடித் தாங்கணும்" என்றார். என் கூட்டாளி வழக்கம் போல கேட்டுக்கு வெளியே நின்றாள்.

"ஆத்தா, எந்திரிச்சு வந்து இதுல உக்காரு. போட்டோ எடுக்கணும்" என்றான் மகன்.

எழப் பார்த்தேன். கைப்பிடியை ஊன்றினேன். தொடை நடுங்கியது, இடுப்பு மேலே வரவில்லை. இன்னொரு தரம் ஊன்றினேன். யாரும் கூப்பிடாமலே கூட்டாளி உள்ளே வந்து, "புடிச்சுக்கடி" என்று கையைக் கொடுத்தாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடாத கை. நான் இழுத்தேன், அவள் சாய்ந்தாள், இரண்டு பேரும் தொப்பென்று தரையில் விழுந்தோம். எவனோ சிரித்தான்.

மகன் ஓடி வந்து என்னைத் தூக்கினான். தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான். "என்னா ஆத்தா இது, ஒடம்புல ஒண்ணுமே இல்ல? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நெதமும் அதுல பாத்தியேடா பாவி! நான் அசைஞ்சா ஒனக்குத் தெரியுது. கால் சூம்பிப் போனது தெரியலையா?"

எல்லோரும் கேமராவைப் பார்த்தார்கள். மருமகளின் அப்பா செருப்பைத் தேடினார்.

"மொதல்ல இவளுக்குச் சோறு போடுங்க. கறியோட போடுங்க. எனக்கும் ஒரு எலை போடுங்க" என்றேன், கூட்டாளியைக் காட்டி. மருமகள் போட்டாள். செரித்தது, எல்லாம் நன்றாகவே செரித்தது.

சாப்பிட்டு முடிக்கும்வரை மகன் என் காலடியில் குந்தியிருந்தான். "நாளைக்கே சந்தைக்குப் போறேன் ஆத்தா. ஆடு வாங்கிட்டு வாரேன்" என்றான்.

"வாங்குடா. நல்ல வெள்ளாடா பாத்து வாங்கு" என்றேன். "அதுக பின்னாடி யாரு ஓடுறது?"